போர்டு வெயிலைச் சொல்லுது, நிழலை யார் குடுப்பா?

போன வாரம் மத்தியானம் பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தேன். எதிர்ல புதுசா ஒரு டிஜிட்டல் போர்டு, வெப்பம் எவ்ளோ, ஈரப்பதம் எவ்ளோ, காத்துல தூசி எவ்ளோன்னு பளிச் பளிச்சுன்னு மாத்தி மாத்திக் காட்டிட்டே இருக்கு. 41 டிகிரியாம். அதை அது சொல்றதுக்கு முன்னாடியே என் மண்டை சொல்லிருச்சு. ஒதுங்க நிழல் இல்ல, கடைசியில அந்த போர்டைத் தாங்குற கம்பத்தோட நிழல்ல மூணு பேர் ஒருத்தர் முதுகுக்குப் பின்னாடி ஒருத்தரா ரேஷன் வரிசை மாதிரி நின்னோம், கம்பத்தோட அகலம் அவ்ளோதான். பக்கத்துல ஒரு மரம் இருந்த தடம் இருக்கு, வட்டமா வேற கலர் டைல்ஸ் ஒட்டி மூடியிருக்காங்க.

ஸ்மார்ட் சிட்டின்னு யார் பேச ஆரம்பிச்சாலும் எனக்கு இனிமே அந்த வட்டம்தான் ஞாபகம் வரும்.

நான் டெக்னாலஜிக்கு எதிரி இல்லைங்க. அளக்காம எதையும் சரி பண்ண முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனா அளந்ததோட வேலை முடிஞ்சுதுன்னு கையைத் தட்டிட்டுப் போயிடறாங்களே, அங்கதான் கடுப்பாகுது. சென்சார் பெட்டியில வரும், ஒரே நாள்ல மாட்டிடலாம், போட்டோ எடுத்துக்கலாம். மரம் நிழல் குடுக்க பத்து வருஷம் ஆகும், அதுவரைக்கும் ஒருத்தர் தண்ணி ஊத்தணும், அவருக்குச் சம்பளம் குடுக்கணும், அதுல ரிப்பன் வெட்ட ஒண்ணும் இல்ல.

அபுதாபி பக்கத்துல மஸ்தார்னு ஒரு ஊர். 2006ல அறிவிச்சாங்க, 50,000 பேர் வாழ்வாங்க, கார்பனே வெளியிடாது, பத்து வருஷத்துல ரெடின்னாங்க. டிரைவர் இல்லாத குட்டி வண்டி ஊர் முழுக்க ஓடும்னு திட்டம், அது கொஞ்ச தூரத்தோட நின்னு போச்சு, ஊர் முடியற தேதியும் 2030க்குத் தள்ளிப் போச்சு. ஆனா அங்க கட்டின வரைக்கும் நல்லா வேலை செய்யறது எது தெரியுமா, குறுகலான தெருவும் ஒண்ணு மேல ஒண்ணு நிழல் விழற மாதிரி நெருக்கமா கட்டின கட்டடமும்தான். பழைய அரபு ஊர்கள்ல காலங்காலமா இருக்கற சங்கதி, அதுக்கு சாஃப்ட்வேர் அப்டேட்லாம் வேண்டாம்.

டொரண்டோ கதை வேற மாதிரி. 2017ல கூகுளோட தாய் கம்பெனி ஆல்ஃபபெட்டைச் சேர்ந்த சைடுவாக் லேப்ஸ், ஏரிக்கரையில 12 ஏக்கர்ல வருங்கால நகரம் கட்டறோம்னு வந்தாங்க, தெருவுல நடக்கறவனோட தகவல் யாருக்குச் சொந்தம்னு சண்டை வந்துது, பிரைவசி ஆலோசகரா இருந்த ஆன் கவூக்கியன் 2018ல ராஜினாமா பண்ணாங்க, 2020 மே மாசம் கம்பெனி அந்தத் திட்டத்தையே மொத்தமா மூட்டை கட்டிருச்சு.

சரி, எது எனக்குப் பிடிச்ச ஸ்மார்ட்? டோக்கியோவோட தண்ணி பைப்பு. சிரிக்காதீங்க. 1950கள்ல அங்க சப்ளை பண்ற தண்ணியில கிட்டத்தட்ட 20 சதவீதம் வழியிலயே கசிஞ்சு மண்ணுக்குள்ள போயிட்டிருந்துது, இப்போ அது 3, 4 சதவீதம்தான். எப்படின்னா, ராத்திரி ஊர் அடங்கின அப்புறம் ஆளுங்க ஒரு நீளமான உலோகக் கம்பியைக் கொண்டு போய் ஒரு முனையை மீட்டர்லயோ வால்வுலயோ வெச்சு இன்னொரு முனையில காதை வெச்சுக் கேக்கறாங்க, பைப்பு எங்கயாவது கசிஞ்சா அந்தச் சத்தம் தனியா தெரியுமாம். அதுக்குன்னு பயிற்சி, அப்புறம் எலக்ட்ரானிக் கருவி, வீட்டுக்குப் போற பழைய ஈயக் குழாயையெல்லாம் எடுத்துட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டாங்க. வருஷக்கணக்கா அலுக்காம பண்ணின வேலை. மண்ணுக்கடியில நடந்ததால யாரும் அதைப் போஸ்டர் அடிக்கல.

இங்க என் கதையைச் சொல்லணும். எங்க தெருவுல பைப்பு கசிஞ்சுது, ஆப்ல போட்டோவோட புகார் போட்டேன். ரெண்டு நாள்ல பச்சை டிக்கோட மெசேஜ், 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது'ன்னு. வெளிய போய்ப் பார்த்தா தண்ணி அதே இடத்துல அதே ஸ்பீடுல ஓடிட்டிருக்கு. மறுபடி போட்டேன், மறுபடி பச்சை டிக், இந்தத் தடவை கூடவே ஒரு போட்டோ, வேற ஏதோ தெரு. இப்போ யோசிச்சுப் பாருங்க, கன்ட்ரோல் ரூம்ல பெரிய ஸ்க்ரீன்ல எங்க தெரு கணக்குல ரெண்டு புகார் தீர்ந்திருக்கு. இருந்தது ஒரே ஓட்டை!

கோபன்ஹேகன்ல 2011 ஜூலை 2ஆம் தேதி ரெண்டு மணி நேரத்துல சுமார் 150 மில்லிமீட்டர் மழை கொட்டுச்சு, பேஸ்மென்ட் எல்லாம் மிதந்துது. அடுத்த வருஷமே பிளான் போட்டாங்க, நூத்துக்கணக்கான சின்னச் சின்ன வேலை. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது எங்ஹேவ்பார்க்கன்னு ஒரு பழைய பார்க்கு. அதோட தரையை இறக்கி ஓரத்துல சுவர் வெச்சு, பேய்மழை வந்தா 22,600 கன மீட்டர் தண்ணி நிக்கற மாதிரி பண்ணிட்டாங்க. மத்த நாள்ல அந்தப் பள்ளத்துல பசங்க பந்து விளையாடறாங்க, சுவர் மேல ஜனங்க உக்காந்திருக்காங்க. மழைத்தண்ணிக்கு ஒரு இடம் வேணும், அதை நாம குடுக்கலைன்னா அது நம்ம வீட்டை எடுத்துக்கும், இதுல ராக்கெட் சயின்ஸ் எதுவும் இல்ல.

மெடஜின்லயும் அப்படித்தான், கொலம்பியாவுல. 2016ல இருந்து ரோட்டோரம், ஓடைக்கரைன்னு 30 பசுமைப் பாதை போட்டாங்க, வெப்பம் சுமார் 2 டிகிரி குறைஞ்சுதுன்னு சொல்றாங்க. மரம் நட்டதைவிட எனக்குப் பெருசா படறது, வசதி இல்லாத பகுதி ஆளுங்களுக்குத் தோட்ட வேலை கத்துக் குடுத்து அவங்களையே வேலைக்கு வெச்சது. செடிக்கு ஆள் இருக்கு.

பச்சைன்னா எல்லாமே சரின்னும் சொல்ல மாட்டேன். சியோல்ல மேம்பாலத்தையே இடிச்சு 2005ல செயோங்கேசெயோன் ஓடையைத் திறந்தாங்க, 5.8 கிலோமீட்டர், பக்கத்து ரோட்டைவிட அங்க நல்லா குளிர்ச்சி. ஆனா அதுல ஓடற தண்ணி பெரும்பாலும் ஹான் ஆத்துல இருந்து மோட்டார் வெச்சு இறைக்கறது, ஓரத்துல கடை போட்டிருந்தவங்களை வேற கிளப்பி விட்டாங்க. அப்படியும் மேம்பாலமா ஓடையான்னு கேட்டா நான் ஓடைக்குத்தான் கை தூக்குவேன்.

அதனால இனி எந்த ஊர்லயாவது ஸ்மார்ட்டுன்னு ஏதாவது திறந்தா நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன், ஏஎம்சி, அதான் வருஷாந்திர பராமரிப்பு ஒப்பந்தம், அது முடிஞ்ச அப்புறம் இதை யார் பாத்துக்கறது, அவர் சம்பளம் எந்தக் கணக்குல வருது?

நேத்து மறுபடி அதே ஸ்டாப். உச்சி வெயில். போர்டுல தேதி நாலு நாள் பின்தங்கி நிக்குது, வெப்பம் 27 டிகிரின்னு காட்டுது. பக்கத்துல நின்ன பெரியவர் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டே அதை அண்ணாந்து பார்த்துட்டு, "பரவால்லையே தம்பி, ஊட்டி கணக்கால்ல இருக்கு"ன்னார்.