ரெண்டு கிளாஸ் எடுத்தா மூணு அடியா? இல்லங்க

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற ரோல்பிளேயிங் கேமோட 5ஆம் எடிஷன்ல ஃபைட்டர் 5 லெவல், ரேஞ்சர் 5 லெவல்னு ரெண்டு கிளாஸ் (கேரக்டரோட வகை) சேர்த்து கேரக்டர் போட்டா எக்ஸ்ட்ரா அட்டாக் (கூடுதலா ஒரு அடி குடுக்கற ஃபீச்சர்) ரெண்டு தடவ வரும், அதனால ஒரு அட்டாக் ஆக்ஷன்ல மூணு அடின்னு ஒரு பில்டு (கேரக்டர் அமைப்பு) சுத்திட்டு இருக்கு. தப்பு. எத்தன கிளாஸ்ல இருந்து அது வந்தாலும் ஒண்ணோட ஒண்ணு கூடாதுன்னு மல்டிகிளாஸ் (பல கிளாஸ் சேர்க்கற) ரூல்ல நேராவே எழுதியிருக்கு, ரெண்டு அடிதான், மூணாவது வேணும்னா ஃபைட்டர்லயே 11ஆம் லெவல் போகணும் (நாலாவதுக்கு 20, அதுவரைக்கும் கேம்பெயின் ஓடுனா பாருங்க).

அன்ஆர்மர்ட் டிஃபென்ஸும் (கவசம் போடாமலே கிடைக்கற தற்காப்பு) இதே கததான். பார்பேரியனா ஆரம்பிச்சவரு டெக்ஸ் (சுறுசுறுப்பு) +3, கான் (உடல் உறுதி) +3 வச்சிருந்தா 10+3+3, ஆர்மர் கிளாஸ் (எதிரி அடி படறதுக்கு எட்ட வேண்டிய எண்) 16. அப்புறம் மங்க் எடுத்து விஸ்டம் +2வையும் கூட்டி 18னு ஷீட்ல எழுதுறாங்க, ஆனா 2014 ரூல்புக்படி ஏற்கனவே அந்த ஃபீச்சர் இருக்கறவருக்கு மங்க்கோடது கிடைக்கவே கிடைக்காது. புரொஃபிஷியன்சி போனஸ் (தேர்ச்சி இருக்கற விஷயத்துல டைஸோட கூட்டுறது) மட்டும் எல்லா கிளாஸும் சேர்ந்த மொத்த லெவல வச்சுதான், 10ன்னா +4.