மரண ரயில் பாலத்துல போஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி

போன மாசம் குடும்பத்தோட தாய்லாந்து காஞ்சனபுரி போயிருந்தோம். குவாய் ஆத்துப் பாலத்துல கால் வைக்க இடமில்ல, அவ்வளவு கூட்டம். தண்டவாளத்துல குதிச்சு ரீல்ஸ் எடுக்கறாங்க, படுத்துக்கிட்டு போஸ் கொடுக்கறாங்க. தமிழ்ப் பேச்சும் காதுல விழுந்துச்சு, அதுதான் எனக்கு தாங்கல.

ஏன்னா இது நம்ம வீட்டு சாவு. ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரன் தாய்லாந்துலேர்ந்து பர்மா வரைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சான். இந்தப் பாலம் அதுல ஒரு பகுதி, அந்தப் பாதையைத்தான் மரண ரயில்ங்கறாங்க. அதுல செத்த போர்க்கைதிங்க 12,000 பேருக்கு மேல. மலாயா, ஜாவா, பர்மான்னு பல ஊர்லேர்ந்து கொண்டு போன கூலி ஜனம் 80,000லேர்ந்து ஒரு லட்சம் வரைக்கும் செத்திருக்கும்னு கணக்கு சொல்றாங்க, அதுல நம்ம தோட்டத்துத் தமிழங்க ஏராளம். எங்க அப்பாவோட பெரியப்பாவும் பேராக்ல ஒரு ரப்பர் தோட்டத்துலேர்ந்து போனவர்தான், திரும்பி வரல.

போட்டோ எடுக்காதீங்கன்னு நான் சொல்ல வரல. எடுக்கணும், நிறைய எடுக்கணும். பாலத்துல வளைவா இருக்கற இரும்புச் சட்டம்தான் பழசு, கோணலா நிக்கற ரெண்டும் 1945ல குண்டு விழுந்த பிறகு மாத்தினது, அந்த வித்தியாசத்தை எடுங்க. அந்தப் பாதைக்காக மலைப்பாறையை வெட்டின ஹெல்ஃபயர் பாஸ்ல துளை போட்ட தடம் இன்னும் இருக்கு, கையால உளியை அடிச்சு அடிச்சு போட்டது, கிட்ட போயி எடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி உங்க மூஞ்சி வேணுமா, அதுவும் இளிச்ச மூஞ்சி?

ஊருக்குள்ள இருக்கற போர் கல்லறையில கிட்டத்தட்ட 7,000 பேர். தரையோட தாழ்வா சின்னக் கல்லு, அதுமேல வெண்கலத் தகடு, பேரு, படைப்பிரிவு, வயசு, சிலதுல வீட்டாளுங்க எழுதி அனுப்பின ஒரு வரி. 22, 23 வயசுன்னு வரிசையா படிச்சுக்கிட்டு போனா தொண்டை அடைக்குது. ரெண்டு குழியில மட்டும் எரிச்ச 300 பேரோட சாம்பல். அங்க ஒரு வயசான வெள்ளைக்காரர் மண்டி போட்டு கைக்குட்டையால ஒரு தகட்டைத் தொடைச்சுக்கிட்டு இருந்தாரு. என் பையன் போனைத் தூக்கிட்டான், நல்ல லைட்டு, நல்ல ஃப்ரேம், எனக்கும் புரியுது. அவன் கையைப் புடிச்சு இறக்கிட்டேன். அவர் எழுந்து போற வரைக்கும் காத்திருந்து, அப்புறமா அந்தத் தகட்டை மட்டும் எடுத்தோம், செடி மேல கால் படாம, கல்லு மேல கை ஊனாம. பேரு தெளிவா விழுந்தா போதும்.

ஆனா அந்தக் கல்லறையில தோட்டத் தொழிலாளிக்கு ஒரு கல்லு கூட கிடையாது, அது படையாளுங்களுக்கானது. நம்ம ஜனத்துக்கு 2023லதான் அதே ஊர்ல ஒரு புத்த கோயில் வளாகத்துல நடுகல் வந்துச்சு. நாங்க போனப்போ யாருமே இல்ல. பாலத்துலேர்ந்து தூரமும் இல்ல, சத்தியமா.

பெரிய தாத்தா பேரை ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதி, கல்லு ஓரத்துல வச்சு, அதைத்தான் எடுத்தேன். அவரோட போட்டோ எங்ககிட்ட ஒண்ணு கூட இல்ல. அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன், உடனே கால் பண்ணி, "அந்தப் பேப்பரை அங்கேயே வச்சுட்டு வாப்பா"ன்னாரு.