சந்தா கட்டாத பெரியம்மா

வியாழக்கிழமை எங்கள் பெரியம்மாவின் மரணவீட்டில் நடந்தது இங்கே பலருக்குத் தெரியும். பெயர்கள் வேண்டாம். ஆனால் சவப்பெட்டிக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, "அவ ஒன்பது வருசமா சேர்ச்சுக்கே வரல்ல, சந்தாவும் கட்டல்ல, விசுவாசமில்லாதவவுக்கு எங்கட சேமக்காலையில எப்பிடி இடம் குடுக்கிற?" என்று கேட்ட குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுத்தார்கள், சரி. நிலுவையைக் கணக்குப் பார்த்து வாங்கிய பிறகுதான் கொடுத்தார்கள்.

சேர்ச் வேலை வேறு, விசுவாசம் வேறு. வெளியில் நின்று இதைச் சொல்லவில்லை. பதினான்கு வருடம் பாடகர் குழுவில் நின்றவன் நான். வாலிபர் சங்கச் செயலாளராகவும் இருந்தேன். அதில் மூன்று வருடம் வேலித் தகராறில் என் சொந்த அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை, அந்த நாட்களில் நானே முன்னால் நின்று வாசித்திருக்கிறேன். அண்ணன் ஐந்தாவது வாங்கில் இருந்தார். இடாப்பில் எங்கள் இரண்டு பேருக்கும் வரவு முழுசாக இருந்தது.

பெரியம்மாவுக்கு வாருங்கள். உறவுமுறைப் பெரியம்மா அல்ல. 2004 டிசம்பர் 26, மட்டக்களப்பு நாவலடியில் எங்கள் வீடு கடலோடு போனபோது நான் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து முகாமில் அம்மா கிழிந்த சட்டையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியம்மா கஞ்சிப் பானையோடு வந்தவர், "சோறு திண்டியா மனே?" என்று முதலில் என்னைத்தான் கேட்டார். மறுநாள் ஒரு சேலையைக் கொண்டுவந்து அம்மாவுக்கு உடுத்திவிட்டார். நத்தாருக்கென்று எடுத்த புதுச் சேலை, ஒரே ஒரு நாள் உடுத்தது. நீங்கள் எந்தச் சபை, எந்த மதம் என்று அந்த முகாமில் அவர் யாரிடமும் கேட்டதில்லை.

ஒன்பது வருடம் அவர் ஏன் ஆராதனைக்கு வரவில்லை? பக்கவாதத்தில் விழுந்த கணவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாரிடம் விட்டுவிட்டு வருவது? கேட்டவருக்கு இது தெரியாதா?

"சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயரில் இருக்கே" என்று இப்போது யாராவது எழுதுவீர்கள். இருக்கிறது, பத்தாம் அதிகாரம் 25ஆம் வசனம். அதற்கு முந்திய வசனத்தையும் வாசியுங்கள். அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஒருவரையொருவர் ஏவச் சொல்கிறது. எங்கள் சேர்ச்சிலிருந்து அவர் வீட்டுக்குச் சைக்கிளில் ஐந்து நிமிடம். யார் போனோம்? நானும் வருடத்துக்கு இரண்டு தரம்தான் போனேன்.

சந்தா இல்லாமல் கரண்ட் பில் எப்படிக் கட்டுவது என்பதும் நியாயமான கேள்விதான். அதைக் குழுவில் பேசுங்கள், சவத்தை வைத்துக்கொண்டு பேசாதீர்கள்.

ஆராதனையை இழிவாகப் பேசுகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் எங்கள் ஊர்ச் சீயோன் ஆலயத்துக்குப் போன பிள்ளைகள் குண்டுவெடிப்பில் மாண்டார்கள், திரும்பி வரவில்லை. அந்த ஊரில் இருந்துகொண்டு ஆராதனைக்குப் போவது சின்ன விஷயம் என்று நான் எப்படிச் சொல்வேன்? அது அவ்வளவு பெரிய விஷயம் என்பதால்தான் அதை ஒரு வரவு இடாப்பாக்கும்போது வலிக்கிறது.

ஹேபர்ட் அடிகளாரை நினைத்துக்கொண்டேன். எங்கள் சபைக்காரர் அல்ல, கத்தோலிக்கக் குரு, அமெரிக்கர். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஆகஸ்டில் சண்டைக்குள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போனார். முப்பது வருடம் தாண்டியும் இந்த ஊர் அவரைப் பேசுகிறதே, அவர் வைத்த பூசைகளை எண்ணியா பேசுகிறது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்து வைத்துப் புளித்துப்போனது. அப்பா நான்கு மாதம் படுக்கையில் கிடந்தபோது நான் பாட்டுக்குப் போகவில்லை. சேர்ச்சிலிருந்து ஒரேயொரு அழைப்பு வந்தது. கரோல் புத்தகம் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த வாரமும் பெரியம்மா பக்கத்து வீட்டுப் புள்ளையிடம் இடியப்பமும் சொதியும் கொடுத்தனுப்பினார். தன் வீட்டிலேயே ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு!

அவவுக்கு விசுவாசமில்லை என்று எப்படி உங்களுக்குச் சொல்ல வாய் வந்தது?

மறுகா ஒரு விஷயம். பெரியம்மாவின் கணவர் இப்போது அந்த வீட்டில் தனியாகக் கிடக்கிறார். பகலில் பக்கத்து வீட்டார் பார்க்கிறார்கள். காலையில் தூக்கிக் குளிப்பாட்ட இரண்டு ஆண்கள் வேண்டும். திங்கள், புதன், வெள்ளி நானும் அண்ணனும் போகிறோம். மற்ற நாட்களுக்கு ஆள் இல்லை, ஞாயிறு காலைக்கும் இல்லை. ஆறரைக்கு வரக்கூடியவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.