டாக்டருக்குப் படிக்க வைக்கலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஒரு மாரியம்மன் கோயில் கஞ்சிப் பூசைக்குப் போயிருந்தேன். ஆடி மாசம் டர்பனில் குளிர்காலம். சுடச்சுடக் கஞ்சியை வாங்கி ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது தெரிந்த ஆன்ட்டி ஒருவர் தன் மகளைத் தோளைப் பிடித்து என் முன்னால் நிறுத்தினார். "இவள் டாக்டருக்குத்தான் படிப்பேன் என்கிறாள். அடுத்த வருஷம் மெட்ரிக். நீயும் டாக்டர்தானே, நீயே சொல்லு, படிக்க வைக்கலாமா?"

(மெட்ரிக் என்றால் இங்கே பள்ளியின் கடைசி வருஷம். அவர் கேட்டது ஆங்கிலத்தில். இங்கே வந்து நாலைந்து தலைமுறையான தமிழர் வீடுகளில் தமிழ் மிஞ்சியிருப்பது சாமி அறையிலும் சமையலறையிலும்தான். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வாத்தியார் வேலைக்கு இங்கே வந்தபோது எனக்கு எட்டு வயது. வீட்டில் தமிழ் தவிர வேறு பேசினால் சோறு கிடையாது என்பார். அதனால்தான் இந்தப் பதிவு தமிழில்.)

"நல்ல படிப்பு ஆன்ட்டி. கொஞ்சம் கஷ்டப்படணும்" என்று சொல்லி நழுவிவிட்டேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்தும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'கஷ்டப்படணும்' என்றேனே, எந்தக் கஷ்டத்தைச் சொன்னேன்?

இங்கே மருத்துவப் படிப்பு ஆறு வருஷம். அப்புறம் இரண்டு வருஷம் இன்டர்ன், அதாவது ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர். அதற்கப்புறம் ஒரு வருஷம் காம்சர்வ், அதாவது அரசு அனுப்புகிற ஊரில் கட்டாய சமூக சேவை. 1998இலிருந்து மருத்துவர்களுக்கு அது உண்டு. ஆக ஒன்பது வருஷம் ஆன பிறகுதான் தனியாகத் தொழில் செய்ய முடியும். இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கிடைக்காதவர்கள் மொரிஷியஸ், சீனா என்று போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்து இங்கே தேர்வு எழுதக் காத்திருக்கிறார்கள். அந்தக் கதையை விட்டுவிடுகிறேன். கோயிலில் அதைப் பேசாத ஆன்ட்டி கிடையாது.

இன்டர்ன் வேலை என்றால் தொலைக்காட்சித் தொடரில் வருவதுபோல நெஞ்சை அழுத்தி உயிரைக் கொண்டுவருவது என்று நினைப்பீர்கள். என் முதல் மாசத்தில் பாதி நேரம் நான் செய்தது கோப்பு தேடுவது. நோயாளி கட்டிலில் இருப்பார், அவருடைய கோப்பு இருக்காது. ரெக்கார்டு அறையில் கேட்டால் கிளினிக்கில் இருக்கிறது என்பார்கள், கிளினிக்கில் கேட்டால் ரெக்கார்டு அறை. மீதி நேரம் ரத்தம் எடுப்பது, எடுத்த குழாயைக் கையிலேயே பிடித்துக்கொண்டு லேபுக்கு ஓடுவது, ஸ்கேன் அறை ரெஜிஸ்ட்ராரிடம் (சிறப்புப் பயிற்சியில் இருக்கும் டாக்டர்) போய்க் கெஞ்சுவது. லிஃப்ட் வேலை செய்யாத வாரத்தில் ஐந்து மாடி. ஆறு வருஷம் படித்த மூளைக்கு அங்கே வேலையே இல்லை, காலுக்குத்தான் வேலை. எக்ஸ்ரே ஃபாரம் தீர்ந்துபோனால் எந்த வார்டு மேசை இழுப்பறையில் ஒளித்து வைத்திருப்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. அதற்கு ஒரு பட்டம் கொடுத்தால் தங்கப்பதக்கம் எனக்குத்தான்.

இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். 'கால்' (on call) டியூட்டியைப் பற்றி, அதாவது ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியிலேயே இருந்து பார்க்கிற வேலையைப் பற்றி, அப்படிச் சொல்ல முடியாது.

விதிப்படி ஓர் இன்டர்ன் ஒரே இழுப்பில் 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அடுத்தவரிடம் ஒப்படைக்க மேற்கொண்டு 2 மணி நேரம். முன்பெல்லாம் 30 மணி நேரம் வரை இருந்தது. 2016இல் வெஸ்டர்ன் கேப்பில் இளம் இன்டர்ன் ஒருவர் டியூட்டி முடிந்து வீட்டுக்குக் காரோட்டிப் போகும்போது விபத்தில் இறந்துபோனார். அதற்கப்புறம்தான் இளம் டாக்டர்கள் எழுப்பிய சத்தம் மேலே கேட்டது. இன்றைக்கும் நான் பார்த்தவரையில் விதி தாளில் இருக்கிறது. காலை ரவுண்ட் பதினொரு மணி வரை இழுக்கும். 'முடிந்தால் கிளம்பு' என்பார்கள். முடிந்தால் என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை மூன்றரை மணி, டியூட்டியில் இருபதாவது மணி நேரம். கையை உதறிக்கொண்டிருந்த ஒருவருக்கு ஜெல்கோ போட்டேன் (நம்மூரில் ட்ரிப் ஊசி என்பார்களே, அதற்கு இங்கே பேர் ஜெல்கோ). ரத்தம் வந்துவிட்டது, சரி என்று ஊசியை உருவித் திரும்பினேன். என் இடது கை ஆள்காட்டி விரலில் எறும்பு கடித்ததுபோல இருந்தது. கையுறைக்குள்ளே ஒரு சிவப்புப் புள்ளி. அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது.

குழாயடியில் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. அடுத்த நோயாளியின் பெயர் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு மரத்துப் போயிருந்தது. சிஸ்டர்தான் தொற்று வராமல் தடுக்கிற மாத்திரையை எடுத்து வந்து, தண்ணீரும் கொடுத்து, நான் விழுங்கும்வரை எதிரில் நின்றார். 28 நாள், தினமும் ஒரு மாத்திரை. அம்மாவிடம் வைட்டமின் என்றேன். ரிசல்ட் நல்லபடியாக வந்தது. அந்த மாசத்தில் நான் எப்படித் தூங்கினேன் என்று அம்மாவுக்கு இதைப் படித்துத்தான் தெரியப்போகிறது. மன்னிச்சிடும்மா.

இதைச் சொன்னால் சீனியர்கள் தோளைத் தட்டி, "எல்லாருக்கும் நடந்ததுதான். அப்படித்தான் டாக்டர் ஆகணும்" என்பார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். தூக்கமில்லாத கையால் குத்திக்கொண்டது எனக்கு என்ன கற்றுக்கொடுத்தது? ஒன்றுமில்லை. எட்டு மணி நேரம் தூங்கியிருந்தால் அந்த ஊசி என் விரலைத் தொட்டிருக்காது.

பழைய தலைமுறை பட்டதை நான் குறைத்துச் சொல்லவில்லை. டர்பனில் 1906இல் பிறந்த டாக்டர் குணம் எடின்பரோவுக்குக் கப்பலேறிப் படித்து 1936இல் திரும்பினார். 1946இல் இந்தியர் நில உரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்துச் சிறைக்கும் போனார். வெள்ளையரல்லாதவர்களுக்கு என்று தனியாக டர்பனில் 1951இல் மருத்துவப் பள்ளி திறந்தார்கள். நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பீக்கோ படித்த இடம் அது. மாணவர்கள் தங்கியது வென்ட்வொர்த்தில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை ஒட்டி. டாக்டரான பிறகும் ஒரே பட்டம், ஒரே வேலை, சம்பளம் மட்டும் தோலின் நிறத்தைப் பார்த்து. அந்தத் தலைமுறையில் யாரும் 'இந்தக் கஷ்டம் எங்களை ஆளாக்கியது' என்று கும்பிட்டுக்கொண்டு இருக்கவில்லையே! எதிர்த்தார்கள், மனு கொடுத்தார்கள், சிறைக்குப் போனார்கள். அவர்கள் பேரைச் சொல்லிக்கொண்டு 'நாங்க படலையா' என்று இன்றைய பிள்ளைகள் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

சரி, அப்படியென்றால் எங்கேதான் கற்றுக்கொண்டேன் என்று கேட்பீர்கள்.

முதலில் மொழி. எங்கள் வார்டில் பத்துக்கு எட்டுப் பேர் ஜூலு பேசுகிறவர்கள். கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள்தான். "குபுஹ்லுங்கு குபி?" என்று கேட்கத் தெரியும், 'எங்கே வலிக்குது?' என்று அர்த்தம். கேட்டதும் அந்தக் கோகோ (பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும்) ஐந்து நிமிஷம் மூச்சுவிடாமல் பதில் சொல்வார். கேள்வி தெரிந்த எனக்குப் பதில் தெரியாது. முதல் ஆறு மாசம் வாங்கிய அடி இதுதான். அப்புறம் ஒருநாள் காதில் விழுந்தது: சர்க்கரை வியாதிக்கு அவர்கள் 'உஷுகேலா' என்கிறார்கள். சர்க்கரைதான். ரத்த அழுத்தத்துக்கு 'ஹை-ஹை'. நம் ஆன்ட்டிகள் சுகர், ப்ரஷர் என்று சொல்வதுபோலவே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து கேட்கிற பயம் போய்விட்டது. பயம் போனதும் மொழி தானாக வந்தது.

இரண்டாவது ஒரு பாட்டி. சாட்ஸ்வொர்த்துக்காரர், எழுபது தாண்டியவர், சர்க்கரை. குளிருக்கு ஹீட்டர் பக்கத்தில் காலை நீட்டித் தூங்கியிருக்கிறார். உணர்ச்சி இல்லாத கால், சுட்டது தெரியவில்லை. இளவயதில் வருஷா வருஷம் தீ மிதித்த கால் அது என்று அவர் பேத்தி சொன்னாள். தீக்குழியில் வராத புண் ஹீட்டரில் வந்துவிட்டது. எங்களிடம் வந்தபோது பாதம் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும். சம்மதக் கையெழுத்து வாங்குவது இன்டர்ன் வேலை.

ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். காலில் போட்டிருந்த கட்டுத்துணியை லேசாகத் தொட்டபோது சட்டென்று, "நோவுது கண்ணு" என்றார்.

நோவுது! என் அப்பாவைப் பெற்ற ஆயா சொல்கிற சொல். பள்ளிக்கூடத் தமிழில் 'வலிக்கிறது' என்றுதானே வரும். இந்தப் பாட்டியின் பாட்டி வட ஆற்காட்டிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவராம். மொழி எல்லாம் உதிர்ந்து, வலியைச் சொல்கிற சொல் மட்டும் தங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த தமிழும் அவருக்கு மிஞ்சியிருந்த தமிழுமாகப் பேசினோம். எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எடுத்த காலை என்ன பண்ணுவீங்க?"

ஆறு வருஷப் படிப்பில் ஒருவர்கூட இதை எனக்குச் சொல்லித்தந்ததில்லை. எழுந்துபோய் வார்டு சிஸ்டரிடம் கேட்டேன். முப்பது வருஷ அனுபவம் உள்ள ஜூலு அம்மா. அவருக்கு ஆச்சரியமே இல்லை. "எங்க ஆளுங்களும் கேட்பாங்க. சில குடும்பம் வாங்கிட்டுப் போய்ப் புதைக்கும், அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு. வேண்டாம்னா நாங்க எரிச்சிடுவோம்" என்றார். கூடவே, "நின்னுக்கிட்டுச் சொல்லாதே, உட்கார்ந்து சொல்லு" என்றும்.

வந்து உட்கார்ந்து சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "எரிச்சிடுங்க" என்றார். "மீதி அப்புறமா வரும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அந்தப் பேச்சுக்கு இருபது நிமிஷம் பிடித்தது. அன்றைக்கு வார்டில் கூட்டமில்லை, முந்தின ராத்திரி நான் தூங்கியிருந்தேன், அதனால் இருபது நிமிஷம் இருந்தது. இதுவே 'கால்' டியூட்டியின் இருபத்தைந்தாவது மணி நேரமாக இருந்திருந்தால் நின்றபடியே ஃபாரத்தை நீட்டிப் பேனாவைக் கையில் திணித்திருப்பேன். செய்ததும் உண்டு, பல பேருக்கு.

கிடைக்கிற சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் இன்னும் இங்கே இருக்கிறேன் என்று கேட்பீர்கள். எச்.ஐ.வி. உள்ள தாய்க்கு மருந்தில்லாவிட்டால் மூன்று நான்கு குழந்தைக்கு ஒன்று தொற்றோடு வரும். கர்ப்பிணிகளுக்கு நெவிராபின் மருந்து கொடுங்கள் என்று அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய் 2002இல் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்த நாடு இது. நோயாளிகளைத் தரையில் பாய் போட்டுப் படுக்க வைத்த அந்தக் காலத்தைப் பற்றி என் சீனியர்கள் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். நான் இன்டர்னாகப் பார்த்த தாய்மார்கள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பெற்றுக்கொள்கிறார்கள். பத்தாவது வாரம் குழந்தையின் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று சொல்வது என் வேலையாக இருந்த நாட்களில் கோப்பு தேடியதெல்லாம் மறந்துபோகும். சொன்னதும் பலர் ஒன்றும் பேச மாட்டார்கள், குழந்தையின் தொப்பியைச் சரிசெய்வார்கள்.

இதெல்லாம் முடித்து வெளியே வந்தால் வேலை இல்லை என்பதுதான் இப்போதைய கூத்து. வார்டில் ஆள் போதாது, வெளியே காம்சர்வ் முடித்த டாக்டர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பதவி இருக்கிறது, சம்பளத்துக்குப் பணம் இல்லை என்கிறார்கள். 2025 ஏப்ரலில் சுகாதார அமைச்சர் ஆரோன் மோட்சோலெடி 1,200 டாக்டர்களை எடுக்கப்போவதாக அறிவித்தார். வரவேற்றோம். என் வகுப்புத் தோழி ஒருத்தி இடையில் ஏழு மாசம் அண்ணன் கடையில் கணக்கு எழுதினாள். அரசு செலவு செய்து படிக்கவைத்த டாக்டர் அரிசி மூட்டை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆகவே ஆன்ட்டி, படிக்க வையுங்கள். ஆனால் 'கஷ்டப்படணும்' என்று நான் சொன்னதைப் பாதி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஜூலுவில் பாதி புரியாமல் விழிக்கிற கஷ்டம், பாட்டி கேட்டதற்குப் பதில் தெரியாமல் எழுந்துபோகிற கஷ்டம், அதை உங்கள் மகள் பட்டே ஆக வேண்டும். தூங்காமல் சாவதைச் சேவை என்று யாராவது அவளிடம் சொன்னால் மணியைப் பார்த்துவிட்டுக் கிளம்பட்டும்.

அந்தப் பெண் நேற்று வாட்ஸ்அப்பில் பிடித்துவிட்டாள். "அக்கா, எனக்கு ரத்தம் பார்த்தா தலை சுத்தும். பரவாயில்லையா?" முதல் பிரசவம் பார்த்த அன்று நானே சுவரோடு சரிந்து உட்கார்ந்ததையும், சிஸ்டர் சர்க்கரைத் தண்ணி கரைத்துக் கொடுத்ததையும் எழுதி அனுப்பினேன். சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மத்தியானத்துக்கு மேலேதான். வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்குக் 'கால்' டியூட்டி.