பாட்டை வெட்டினால் படம் எங்கே?

கடந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஒரு தொலைக்காட்சி அலைவரிசையில் ‘திருவிளையாடல்’ ஒளிபரப்பானது. 1965-இல் வெளிவந்த அந்தப் படத்தை எத்தனையாவது முறையாகப் பார்க்கிறேன் என்ற கணக்கெல்லாம் என்னிடம் இல்லை, கே. வி. மகாதேவனின் இசைக்காகவே ஒவ்வொரு முறையும் உட்கார்ந்துவிடுகிறேன்.

ஹேமநாத பாகவதராக டி. எஸ். பாலையா செருக்கோடு வாயசைக்க, பாலமுரளிகிருஷ்ணாவின் குரல் தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகங்களின் பெயரைச் சொல்லியே அந்தந்த ராகத்துக்குள் நுழையும் ‘ஒரு நாள் போதுமா’ பாடலில், தர்பாரை எட்டும் முன்பே சலவைத்தூள் விளம்பரம் குறுக்கிட்டது. விளம்பரங்கள் முடிந்தபோது பாடலும் முடிந்திருந்தது. விளம்பரம் இல்லாமல் அலைவரிசை பிழைக்காது என்பது தெரியும். ஆனால் வசனக் காட்சிகளுக்கு இடையில் அதற்கு இடமே கிடைக்கவில்லையா?

அதைவிடக் கொடுமை, பாணபத்திரராக வரும் டி. ஆர். மகாலிங்கம் தம் சொந்தக் குரலில் இறைவனிடம் முறையிடும் ‘இசைத்தமிழ் நீ செய்த’ பாடலை முழுவதுமாக நீக்கியிருந்தார்கள். அந்த முறையீட்டைக் கேட்டுத்தானே சிவபெருமான் விறகு சுமந்து வருகிறார்? அது இல்லாமல், விறகுவெட்டி ஏன் திண்ணையில் அமர்ந்து ‘பாட்டும் நானே’ பாடுகிறார் என்று என்னருகில் இருந்த பத்து வயதுப் பேரன் கேட்டதற்கு, பாடலில் இருந்த கதையை நான்தான் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் அடுத்த விளம்பரம் வந்துவிட்டது.