சிலந்திக்காக வருந்துகிற உயிர்

"எல்லாமே மனிதனுக்காகத்தான் படைக்கப்பட்டது" என்று யாராவது அழுத்திச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சங்கடம் வரும். சொல்பவர் பக்தியுள்ளவர், நல்லவர், அதில் சந்தேகமே இல்லை. நானும் கடவுளை நம்புகிறவன்தான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் கடவுள் ரொம்பச் சிறியவராகிவிடுகிறார். நமக்கு வேண்டியதைச் சமைத்துப் பரிமாறுவதற்காகவே இருக்கிறவர் மாதிரி. இவ்வளவு பெரிய உலகத்தை உண்டாக்கியவருக்கு நம்மைத் தவிர வேறு அக்கறையே இருக்காதா?

காலக்கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். அதில் உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நம்மைப் போன்ற மனிதர்கள் வந்தது சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். அதற்கு முந்தைய நெடுங்காலத்தில் மீன் நீந்தியிருக்கிறது, காடு வளர்ந்து அழிந்து மறுபடி வளர்ந்திருக்கிறது, பூ பூத்து உதிர்ந்திருக்கிறது. பார்க்க ஒரு மனிதக் கண் கிடையாது. அந்தப் பூவெல்லாம் வீணா? நாம் வருகிற வரைக்கும் கடவுள் சும்மா உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாரா? என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. யாரும் பார்க்காத அந்தப் பூவே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

கடலில் ப்ரோக்ளோரோகாக்கஸ் என்று ஒரு நுண்ணுயிர் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் இடத்தில் ஆயிரத்துக்கும் மேல் வரிசையாக நிற்கலாம், அவ்வளவு சிறியது. ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஒரு லட்சம்கூட இருக்கும். சூரிய ஒளியிலிருந்து உணவு தயாரிக்கும் உயிர்களில் உலகிலேயே எண்ணிக்கையில் அதிகம் இதுதான். நாம் சுவாசிக்கும் காற்றுக்கு அதுவும் தன் பங்கைச் செலுத்திக்கொண்டிருக்கிறது. ஆனால் 1980களின் நடுப்பகுதி வரை அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. 1969-ல் நிலவில் கால் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் அதைக் கண்டுபிடித்தோம். நம் பேரேட்டில் பெயர் ஏறாமலேயே கோடிக்கணக்கான ஆண்டுகள் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. யாருக்காக என்று கேட்டால், எனக்காக என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மதங்களும் அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் என் வாசிப்பு. பைபிளின் தொடக்கத்தில், பெருகுங்கள் என்ற முதல் ஆசி கிடைப்பது மீன்களுக்கும் பறவைகளுக்கும். மனிதன் அதற்கு அப்புறம்தான் வருகிறான். பூமியில் நடமாடும் விலங்குகளும் சிறகால் பறக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்கிறது குர்ஆன். ஒரே உயிர்தான் புல்லாகவும் புழுவாகவும் பறவையாகவும் பாம்பாகவும் பிறந்து பிறந்து மனிதப் பிறவிக்கு வந்திருக்கிறது என்கிறது சைவம். மூன்றும் வெவ்வேறு நம்பிக்கைகள், அவற்றை ஒன்றாகக் குழைத்து 'எல்லாம் ஒன்றே' என்று முடித்துவிட நான் விரும்பவில்லை. ஆனால் மூன்றிலும் மற்ற உயிர்களுக்குக் கடவுளோடு நேரடி உறவு இருக்கிறது. நடுவில் நாம் தேவைப்படவில்லை.

சரி, அதே பைபிளில் மனிதனுக்கு ஆளும் உரிமையும் கொடுக்கப்பட்டிருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த ஆளும் எண்ணம்தான் இயற்கை சீரழிந்ததற்கு வேர் என்று லின் வைட் என்ற வரலாற்றாசிரியர் 1967-லேயே எழுதினார். ஆளுவதைச் சூறையாடுவது என்று படிக்கக் கூடாது என்று போப் பிரான்சிஸ் 2015-ல் தம் சுற்றுமடலில் பதில் சொன்னார். நான் போப் பக்கம். ஆனால் லின் வைட் சொன்னதில் சுடுகிற உண்மை இருக்கிறது என்பதையும் மறுக்க மாட்டேன். நமக்கு உரிமை கொடுத்த வரியை மனப்பாடமாக வைத்திருக்கிறோம், அதற்கு முந்தைய வரிகளை மறந்துவிட்டோம்.

இனி, எனக்கு முக்கியமாகத் தோன்றுகிற விஷயத்துக்கு வருகிறேன். இயற்கையில் கடவுளைப் பார்த்தேன் என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் சூரிய உதயத்தோடும் வண்ணத்துப்பூச்சியோடும் நிறுத்திக்கொள்கிறார்கள். குளவிக்கூட்டைப் பற்றியும் பேச வேண்டும்.

ஜன்னல் சட்டத்தில் குளவி கட்டியிருந்த மண்கூடு ஒன்று ஒருமுறை பெயர்ந்து விழுந்தது. பக்கம் பக்கமாகச் சின்னச் சின்ன அறைகள். ஒன்று மட்டும் உடைந்து திறந்துகொண்டது. உள்ளே சிலந்திகள், பத்துக்குக் குறையாது, ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்து வைக்கப்பட்டிருந்தன. செத்தவை என்று நினைத்து ஒரு குச்சியால் தொட்டேன். ஒன்றின் கால் மெதுவாக மடங்கி விரிந்தது. சாகவில்லை. அவற்றுக்கு நடுவே வெளிர்மஞ்சளாகக் காலில்லாத ஒரு புழு, ஒரு சிலந்தியின் வயிற்றில் வாய் வைத்துத் தின்றுகொண்டிருந்தது.

இது தாய்க்குளவி செய்துவைத்த ஏற்பாடு. சிலந்தியைப் பிடித்துக் கொட்டும். அந்த விஷம் கொல்லாது, அசைவை மட்டும் நிறுத்தும். கொன்றால் அழுகிவிடும், பிள்ளைக்கு உதவாது. பிறகு முட்டையிட்டு, அறையை மண்ணால் அடைத்துவிட்டுப் போய்விடும். தன் பிள்ளை அந்த மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவதைப் பார்க்க அது இருக்காது.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். குரு சீடனைத் தன்னைப்போல் ஆக்குவதற்கும், இறைவன் ஆன்மாவை ஆட்கொள்வதற்கும் இதைத்தான் உவமையாகச் சொல்வது வழக்கம். குளவி புழுவைத் தூக்கிக்கொண்டு கூட்டுக்குள் போவதைப் பார்த்திருக்கிறார்கள் (சில வகைக் குளவிகள் சிலந்தியை விட்டுவிட்டுப் பச்சைப்புழுவைத்தான் பிடிக்கும்). பல நாள் கழித்து அங்கிருந்து ஒரு குளவி வெளியே வருவதையும் பார்த்திருக்கிறார்கள். நடுவில் நடந்ததைக் கூடு மறைத்துவிட்டது. உள்ளே போன புழு குளவியாக மாறவில்லை, குளவியின் பிள்ளைக்கு இரையானது. உவமை அழகானது, அதைச் சொன்னவர்களின் மனமும் அழகானது. ஆனால் கூட்டை உடைத்துப் பார்த்த பிறகும் நிற்கிற நம்பிக்கைதான் எனக்கு வேண்டும்.

சார்லஸ் டார்வினை உறுத்தியதும் இதே விஷயம்தான். 1860 மே மாதம் ஆசா கிரே என்ற அமெரிக்கத் தாவரவியலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். உயிரோடிருக்கும் புழுவின் உடலுக்குள் இருந்தபடியே அதைத் தின்று வளரும் குளவி இனத்தை, கருணையும் எல்லாம் வல்ல ஆற்றலும் உள்ள ஒரு கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று நம்பத் தன்னால் முடியவில்லை என்றார். ஆசா கிரே டார்வினின் கொள்கையை ஏற்றவர், கூடவே உறுதியான கிறிஸ்தவர். அவரிடம் மனம் திறந்து எழுதிய அதே கடிதத்தில், இதெல்லாம் மனித அறிவுக்கு எட்டாத ஆழம் என்றும் டார்வின் சொல்கிறார். டார்வினை ஏதோ கடவுளுக்கு எதிரி போலப் பேசுகிறவர்கள் அந்தக் கடிதத்தை ஒருமுறை படிக்க வேண்டும். அதில் இருப்பது திமிர் இல்லை, வேதனை.

சிலந்தி ஏன் அப்படிச் சாக வேண்டும் என்பதற்கு நான் கேட்ட சமாதானம் எதுவும் எனக்கு ஒப்பவில்லை. 'முன்வினை' என்பார்கள். 'இயற்கையின் சமநிலை' என்பார்கள். இரண்டுமே சிலந்தியைத் திரும்பிப் பார்க்காமல் சொல்லப்படுகிற பதில்கள். ஆனால் அந்த உடைந்த கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறொன்று உறைத்தது. அங்கே சிலந்தி இருந்தது, புழு இருந்தது, நான் இருந்தேன். "ஐயோ பாவம்" என்று சொன்னது நான் மட்டும்தான். குளவி தயங்குவதில்லை. புழு யோசிப்பதில்லை. அவற்றின்மேல் குற்றமும் இல்லை. தன் கூட்டத்தில் ஒன்று விழுந்தால் யானை தூக்கிவிடப் பார்க்கும், அது உண்மை. ஆனால் தனக்கு உறவில்லாத, தனக்குப் பயனில்லாத, பார்த்தாலே உடம்பு கூசுகிற ஒரு ஜீவனுக்காகப் பதறுவதை நான் மனிதனிடம்தான் பார்க்கிறேன். அந்தப் பதற்றம் எங்கிருந்து வந்தது?

பிள்ளையைக் காப்பாற்றுவதற்காக உண்டான பாசம் வழிந்து மற்ற உயிர்கள் மேலும் படுகிறது என்று பரிணாமம் படித்தவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். அந்த விளக்கத்தோடு எனக்குச் சண்டை கிடையாது. எந்த வழியாக வந்தால் என்ன, எங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று பார்க்கிறேன். ஒன்றை ஒன்று தின்றே வளர்ந்த உலகத்துக்குள், இரையின் பக்கம் நின்று வருத்தப்படுகிற ஓர் உயிர் வந்துவிட்டது. கடவுளின் சாயலில் மனிதன் படைக்கப்பட்டான் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பொருள் இதுதான். நம் மூளை, நம் மொழி, நாம் கட்டிய ராக்கெட் எதுவும் இதற்குச் சமமில்லை.

பயிர் வாடுவதைக் கண்டு தாமும் வாடிய வள்ளலாரை (1823–1874) ரொம்ப மென்மையான மனசுக்காரர் என்று சொல்லி ஓரமாக வைத்துவிடுகிறோம். படைப்பில் மனிதனுக்கு என்ன இடம் என்ற கேள்விக்கு நான் அறிந்ததிலேயே தெளிவான விடை அவரிடம்தான் இருக்கிறது.

அதனால்தான், எங்கே நிலநடுக்கம் வந்தாலும் 'கடவுள் கொடுத்த தண்டனை' என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. 1755 நவம்பர் 1, லிஸ்பன் நகரம். புனிதர்கள் அனைவரின் திருநாள். ஆலயங்களில் வழிபாடு நடந்துகொண்டிருந்த நேரத்தில் நிலம் ஆடியது. கும்பிட்ட கையோடு ஏராளமானோர் இடிபாட்டில் செத்தார்கள். பூமிக்கடியில் பாறைத்தட்டு நகர்ந்தால் மேலே நிலம் ஆடும், ஆலயமா சந்தையா என்று அது பார்க்காது. செத்தவர்களின் பாவக்கணக்கைப் பார்க்கும் வேலையை யாரும் நமக்குக் கொடுக்கவில்லை. கல்லைத் தூக்கி உள்ளே இருப்பவரை வெளியே எடுக்கிற வேலை இருக்கிறது, அதைச் செய்யலாம்.

இப்படி இரக்கத்தைப் பெரிதாகப் பேசிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1741-ல் பெரிங் என்ற கடலோடியின் தலைமையில் போன ஒரு கப்பல் வட பசிபிக்கில் ஆளில்லாத தீவு ஒன்றில் ஒதுங்கியது. அதில் இருந்த ஸ்டெல்லர் என்ற இயற்கையியலாளர், கரையோரம் கடற்பாசி மேய்ந்துகொண்டிருந்த பிரம்மாண்டமான கடற்பசுக்களைப் பற்றி எழுதிவைத்தார். மெதுவாக நகரும், யாருக்கும் தீங்கு செய்யாத பிராணி. ஒன்றைக் கொக்கி போட்டு இழுத்தால் மற்றவை அதை விடுவிக்கச் சுற்றி வருமாம். ஒரு பெண் கடற்பசுவைக் கொன்று கரையில் போட்ட பிறகு, அதன் ஆண் இரண்டு நாள் தொடர்ந்து அந்த இடத்துக்கு வந்து பார்த்ததாம். கப்பல் உடைந்து பட்டினி கிடந்தவர்கள் தின்றதை நான் குறை சொல்லவில்லை. அடுத்து அடுத்து விலங்குகளின் ரோமத்துக்காக வேட்டைக்குப் போனவர்கள் கணக்கில்லாமல் கொன்றார்கள். 1768-க்குப் பிறகு அந்த இனமே இல்லை. கண்டுபிடித்த 27 ஆண்டுகளில் தீர்த்துவிட்டோம்.

ஒரு ஆண் கடற்பசு இரண்டு நாள் வந்து பார்த்ததைக் கவனித்து எழுதியதும் மனிதன்தான். அந்த இனத்தை இல்லாமல் செய்ததும் மனிதன்தான். குளவிக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

2018-ல் வந்த ஓர் ஆய்வு பூமியிலுள்ள உயிர்களின் மொத்த எடையைக் கணக்கிட்டது. அதில் மனிதர்கள் வெறும் 0.01 சதவீதம். ஆனால் பாலூட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், நாம் வளர்க்கும் ஆடுமாடுகளும் பன்றிகளும் மற்றவையும் 60 சதவீதம், நாம் 36 சதவீதம். யானை, புலி, மான், திமிங்கிலம் என்று காட்டிலும் கடலிலும் வாழ்கிறவை எல்லாம் சேர்ந்து 4 சதவீதம். அந்த 4-ஐப் படித்த அன்று எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. நமக்கு முன்பே வந்த உயிர்களை இந்த அளவுக்கு நெருக்கிவிட்டு, கடவுள் முன்னால் போய் நின்று இன்னும் வேண்டும் என்று எப்படிக் கேட்பது?

கையை நிறுத்தவும் நமக்குத் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். வணிகத்துக்காகத் திமிங்கிலம் பிடிப்பதை நிறுத்த 1982-ல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் முடிவெடுத்தது, 1986-ல் அது நடைமுறைக்கு வந்தது. எல்லா நாடுகளும் கட்டுப்படவில்லை. ஆனாலும் அழிவின் விளிம்பில் இருந்த ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் பல கடல்களில் மறுபடி பெருகியிருக்கின்றன. தனக்குக் கிடைக்கக்கூடிய இரையை வேண்டாம் என்று விட்டுவிடுவதற்காகக் கூடி உட்கார்ந்து ஓட்டுப்போட்ட இன்னொரு உயிரினம் கிடையாது. எனக்கு அது வழிபாடு மாதிரியே தெரிகிறது.

இரக்கத்துக்குக் கடவுள் எதற்கு, மனிதன் போதாதா என்று நம்பிக்கையில்லாத நண்பர்கள் கேட்பார்கள். அவர்களில் சிலர் என்னைவிட இளகிய மனசுக்காரர்கள், அதனால் இதை வாதமாக்க நான் விரும்பவில்லை. எனக்குக் கடவுள் தேவைப்படுகிற இடத்தை மட்டும் சொல்கிறேன். என்னை என் போக்கில் விட்டால் என் இரக்கம் எனக்குப் பிடித்த உயிர்களோடு நின்றுவிடும். நாய்க்குட்டி, மான்குட்டி, யானை. அட்டைக்கும் கரப்பானுக்கும் அது நீளாது. அவற்றையும் ஒருவர் விரும்பித்தான் உண்டாக்கினார், அவருக்கு அவையும் வேண்டியவை என்று நம்பும்போது, எனக்குப் பிடிக்காததற்கும் இங்கே இருக்க உரிமை உண்டு என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு இது சுலபமாக வருவதில்லை, தினமும் வேண்டித்தான் பெற வேண்டியிருக்கிறது. கடவுளை நம்பாதவர்கள் இந்த இடத்தில் எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள்? எழுதுங்கள், உண்மையாகவே கேட்க ஆசைப்படுகிறேன்.