எவ்வளவுன்னு சொல்லுங்க, அப்புறம் மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்க

ஞாயித்துக்கிழமை மண்டபத்துல ஒருத்தர் பேசின வீடியோ இந்நேரம் உங்க எல்லார் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். நானும் அதைப் போட்டுப் பரப்ப விரும்பலை. "கொலஸ்ட்ராலுக்குப் போடற ஸ்டாட்டின் மாத்திரை விஷம், நாளைக்கே தூக்கிப் போடுங்க, கொள்ளும் பூண்டும் போதும்"ங்கறார். கைதட்டறாங்க. வாசல்ல பொடி டப்பா வியாபாரம் நடக்குது. அந்த வீடியோவுக்குக் கீழே ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "எவ்வளவுங்க? எத்தனை கிராம், எத்தனை வாரம், எல்டிஎல்ங்கற கெட்ட கொலஸ்ட்ரால் எத்தனை சதம் இறங்கும்?" பதில் வரலை. "மருந்துக் கம்பெனி ஏஜெண்ட்"ங்கற பட்டம் வந்துச்சு.

இந்தப் பக்கத்துல இசப்கோல், பார்லி, நிலக்கடலைன்னு ஓயாம எழுதறது யாருன்னு தெரிஞ்சவங்களே அந்தப் பட்டத்துக்கு லைக் போட்டிருக்காங்க. அதுதான் வலிக்குது.

மறுபடியும் சொல்றேன். சாப்பாட்டாலயும் நடையாலயும் கொலஸ்ட்ரால் இறங்கும். அளவோட செஞ்சா இறங்கும், ஒரு எல்லை வரைக்கும் இறங்கும். அளவு சொல்லாம "இயற்கை, இயற்கை"ன்னு மேடையில முழங்கறது வைத்தியம் ஆகாது.

மலச்சிக்கலுக்குத் தண்ணியில கலக்கிக் குடிக்கற இசப்கோல் உமியை முதல்ல பார்ப்போம். நாளைக்கு 7 முதல் 10 கிராம் எடுத்தா எல்டிஎல் 5 முதல் 10 சதம் வரை இறங்கும். ஒரு மேசைக்கரண்டி சுமார் 5 கிராம், அதனால ரெண்டு வேளைக்கு ஒவ்வொரு கரண்டி. ஆனா முதல் நாளே ரெண்டு கரண்டி போட்டா வயிறு உப்பி, "எனக்கு ஒத்துக்கலை"ன்னு மூணாம் நாள் டப்பாவை மூலையில வெச்சிடுவீங்க. முதல் வாரம் ஒரு டீஸ்பூன், அடுத்த வாரம் ரெண்டு, அப்படியே ஏத்துங்க. 250 மில்லி தண்ணியில கலக்கின உடனே குடிச்சிடணும். சித்த நேரம் விட்டா கூழாகி டம்ளரோட ஒட்டிக்கும். மேலே இன்னொரு டம்ளர் வெறும் தண்ணி. தண்ணி குறைஞ்சா தொண்டையில அடைக்கும், குடல்லயும் அடைக்கும். விழுங்கச் சிரமப்படற வயசானவங்களுக்கு இது வேண்டாம். தைராய்டு மாத்திரை போடறவங்க 4 மணி நேரம் இடைவெளி விடணும், இல்லைன்னா மாத்திரை சரியா உடம்புல சேராது. இந்த விவரத்துல ஒரு வரியாவது அந்த மேடையில வந்துச்சுங்களா?

ஓட்ஸும் பார்லியும் அப்படித்தான். அதுல வேலை செய்யறது பீட்டா குளூக்கான்ங்கற கரையும் நார். நாளைக்கு 3 கிராம் வேணும். அதுக்கு 75 கிராம் ஓட்ஸ், சமைக்காம எடை போட்டு. கடையில கிடைக்கற சின்ன மசாலா பாக்கெட்டு ஒண்ணு அதுல பாதிகூடத் தேறாது, உப்புதான் சேரும்.

சரி, கொள்ளுக்கு வருவோம். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு"ன்னு சொல்லாத வீடு நம்ம பக்கம் கிடையாது. நல்ல தானியம், 100 கிராமுக்கு 22 கிராம் புரதம் இருக்கு. ஆனா நம்ம வீட்டுல என்ன நடக்குதுன்னு பாருங்க. கொள்ளை வேக வெச்சு, தண்ணியை வடிச்சு, அந்தத் தண்ணியில ரசம் வெச்சு "கொழுப்பு இருக்கறவருக்கு"ன்னு ஊத்தறோம். வெந்த கொள்ளைக் கடைஞ்சு மத்தவங்க சாப்பிடறாங்க. நார் அத்தனையும் கடைஞ்ச பருப்புல போயிடுச்சு, அவருக்கு வந்தது வாசனை. ரசம் மத்தவங்க குடிக்கட்டும், பருப்பை அவருக்குப் போடுங்க. அதுவும் சோத்துக்கு மேல கூடுதலா இல்லாம, சோத்தைக் குறைச்ச இடத்துல போடுங்க.

பூண்டு? 2022-ல அமெரிக்காவுல 190 பேரை வெச்சு 28 நாள் ஒரு ஆய்வு நடந்துச்சு. 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டாட்டின்ங்கற ஸ்டாட்டின் மாத்திரை ஒரு பக்கம். பூண்டு, மஞ்சள், பட்டை, மீன் எண்ணெய், தாவர ஸ்டீரால், சிவப்பு ஈஸ்ட் அரிசின்னு டப்பா டப்பாவா விக்கறது இன்னொரு பக்கம். மாத்திரை எல்டிஎல்லை 38 சதம் இறக்குச்சு. டப்பா எதுவும் மருந்தே இல்லாத வெத்து மாத்திரையை விட சொல்லிக்கற மாதிரி இறக்கலை, பூண்டு குழுவுல கொஞ்சம் ஏறியே போச்சு. குக்குலுங்கற மரப்பிசின் மருந்து இதுக்கு முன்னாடியே, 2003-ல தோத்தது. அதுலயும் எல்டிஎல் ஏறுச்சு. பூண்டைக் குழம்புல தாராளமா போடுங்க, மருந்துக் கணக்குல எழுதாதீங்க.

சிவப்பு ஈஸ்ட் அரிசியைத் தனியா சொல்லணும். மாப்பிள்ளைச் சம்பா மாதிரி சிவப்பரிசின்னு நினைச்சு வாங்கறாங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. இது அரிசியில பூஞ்சை வளர்த்துச் செய்யறது. அதுல இருக்கற மொனக்கோலின் கே-யும், 1987-ல அமெரிக்காவுல அனுமதி வாங்கின லோவாஸ்டாட்டின் மாத்திரையும் ஒரே பொருள். அதாவது "ஸ்டாட்டின் வேண்டாம்"னு சொல்லி ஸ்டாட்டினையே விக்கறாங்க, எத்தனை மில்லிகிராம்னு மட்டும் எழுதறதில்லை. சரியா தயாரிக்கலைன்னா சிட்ரினின்ங்கற சிறுநீரக விஷமும் கூடவே வரும். ஐரோப்பாவுல 2022-லயே ஒரு நாள் அளவு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கணும்னு கட்டுப்பாடு போட்டுட்டாங்க.

இப்ப எல்லாருக்கும் கோவம் வர்ற விஷயம். தேங்காய். பொள்ளாச்சித் தோப்புக்காரங்களும் காங்கேயம் கொப்பரைக் களத்துக்காரங்களும் இதுக்கு முன்னாடி எழுதினப்பவே, "நம்ம விவசாயி வயித்துல அடிக்கறீங்களா"ன்னு கேட்டீங்க. உங்க கஷ்டம் தெரியாம இல்லைங்க. வெள்ளை ஈயும் வாடல் நோயும் மரத்தை என்ன பாடு படுத்துதுன்னு நாங்களும் தினம் பார்த்துட்டுத்தான் இருக்கோம். அதுக்காக ரத்தத்துல நடக்கறதை மாத்திச் சொல்ல முடியுங்களா? தேங்காய் எண்ணெய்ல சுமார் 90 சதம் எல்டிஎல்லை ஏத்தற நிறைகொழுப்பு. கடலை எண்ணெய்ல 20-ஐ ஒட்டி, நல்லெண்ணெய்ல 15-ஐ ஒட்டி. செக்குல ஆட்டினாலும் மெஷின்ல ஆட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. எல்டிஎல் ஏறின வீட்டுல தாளிக்க, பொரிக்கக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் போதும். ஆளுக்கு மாசம் அரை லிட்டர், நாலு பேருக்கு ரெண்டு லிட்டர், அவ்வளவுதான். குழம்புக்கு அரை மூடி தேங்காய் அரைக்கற இடத்துல கால் மூடியும் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையும் அரைங்க, கெட்டியும் வரும் ருசியும் வரும். சந்தகைக்குத் தேங்காய்ப்பால் ஊத்தறதை நோம்பிக்கு வெச்சுக்குங்க.

"எங்க அப்பிச்சி தேங்காயும் நெய்யும் தின்னே தொண்ணூறு வயசு இருந்தார்"ங்கறீங்க. இருந்தார், மறுக்கலை. அவர் மாடு கட்டிக் கிணத்துல கவலை இறைச்சார், பொழுதுக்கும் ஏர் ஓட்டினார். அவர் கூடப் பொறந்து நாப்பத்தஞ்சுல "நெஞ்சு வலின்னார், உட்கார்ந்தார், போயிட்டார்"னு சொல்ற தம்பியை யாரும் கணக்குல சேர்க்கறதில்லை.

நாட்டுச்சர்க்கரை பத்தியும் கேக்கறீங்க. ட்ரைகிளிசரைடுங்கற இன்னொரு ரத்தக் கொழுப்புக்கு வெள்ளைச் சர்க்கரையும் அதுவும் ஒண்ணுதான்.

இப்ப கூட்டிப் பார்க்கலாம். எண்ணெய், தேங்காய், நெய் திருத்தம், இசப்கோல், ஓட்ஸ், தினம் ஒரு கைப்பிடி கடலை, வாரம் 150 நிமிஷம் வேக நடை. ஒழுங்கா செஞ்சா எல்டிஎல் 15 முதல் 20 சதம் இறங்கலாம். டொராண்டோவுல 2003-ல சாப்பாட்டையே அளந்து கொடுத்து 28 சதம் வரைக்கும் இறக்கிக் காட்டினாங்க. அதே சாப்பாட்டை ஜனங்க அவங்கவங்க வீட்டுல செஞ்சப்ப சுமார் 13 சதம்தான் இறங்குச்சு. நான் சொன்ன 15 முதல் 20 சதக் கணக்குல, எல்டிஎல் 150 இருக்கறவருக்கு 125-ஐ ஒட்டி ஆகும். நாப்பது வயசு, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, பீடி சிகரெட் இல்லை, குடும்பத்துல சின்ன வயசு மாரடைப்பு இல்லைன்னா டாக்டர்கிட்ட சொல்லிட்டு மூணு மாசம் தாராளமா முயற்சி பண்ணுங்க. முதல்ல தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை பாருங்க, தைராய்டு குறைஞ்சாலும் கொலஸ்ட்ரால் ஏறும். மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் கொடுங்க. எல்டிஎல் 190-க்கு மேலன்னா அது பரம்பரையா இருக்கலாம், 250 பேர்ல ஒருத்தருக்கு உண்டு, குழந்தைகளுக்கும் பார்க்கணும். அங்கே கொள்ளு பேசாதீங்க.

ஸ்டென்ட் வெச்சவருக்கு எல்டிஎல் 70-க்குக் கீழேயாவது வேணும். 150-ல இருந்து 20 சதம் இறக்கினா 70 வருதுங்களா? கைதட்டினவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கலாம்.

"மாத்திரையால கை கால் வலிக்குது"ங்கறீங்க. சிலருக்கு நிஜமாவே வலிக்கும், சர்க்கரையும் லேசா ஏறும். மறைக்கலை. ஆனா 2020-ல லண்டன்ல, வலின்னு மாத்திரையை நிறுத்தினவங்களுக்கே மாசத்துக்கு ஒண்ணா மாத்திரையும் வெத்து மாத்திரையும் மாத்தி மாத்திக் கொடுத்துப் பார்த்தாங்க. ஸ்டாட்டின்ல வந்த தொந்தரவுல 90 சதம் வெத்து மாத்திரையிலயும் வந்துச்சு. வலிச்சா அளவைக் குறைக்கலாம், வேற மாத்திரை மாத்தலாம், ஸ்டாட்டின் இல்லாத எசெட்டிமைப்ங்கற மாத்திரை இருக்கு. அதை டாக்டர்கிட்ட கேளுங்க, மண்டபத்துல கேக்காதீங்க.

கோபி பக்கம் ஒரு பெரியவர். ஸ்டென்ட் வெச்சு ஒன்றரை வருஷம். மாத்திரையில எல்டிஎல் 64. இதே மாதிரி ஒரு பேச்சைக் கேட்டுட்டு நிறுத்தினார். மக, "ஏனுங்கப்பா, டாக்டரைக் கேட்டீங்களா"ன்னு கேட்டிருக்கு. "இயற்கைக்கு எதுக்கு சாமி டாக்டரு"ன்னுட்டார். ஆறு வாரத்துல 138. அவர் பொடியை ஒரு வேளைகூடத் தவறவிடலை, அவ்வளவு ஒழுங்கான மனுஷன். அந்த ஒழுங்கைத்தான் இவங்க வித்துக் காசாக்கறாங்க. இப்ப மறுபடி மாத்திரை போடறார், ரிசல்ட் இன்னும் வரலை.

அந்த வாசல்ல டப்பா வாங்கினவங்க லேபிளோட பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. என்ன இருக்கு, எத்தனை கிராம் இருக்குன்னு ஒவ்வொண்ணா பார்த்துச் சொல்றேன். ஸ்டென்ட்டோ பைபாஸோ ஆகி, மாத்திரையை நிறுத்தினவங்க போட்டோவுக்காகக் காத்திருக்க வேண்டாம், நாளைக்குக் காலையிலயே உங்க டாக்டருக்குப் போன் பண்ணுங்க.